கைவிடப்பட்ட மென்பொருள், கைவிட முடியாத தரவு

நாள்தோறும் நள்ளிரவை ஒட்டிச் சுமார் அரை மணி நேரம் ரயில்வேயின் இணையவழி முன்பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. 11.45 மணிக்கு மூடப்படும் சேவை 12.20 மணிக்குத்தான் மீண்டும் திறக்கிறது. பயணிகள் இதை வழக்கமான பராமரிப்பு என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். கைபேசிச் செயலி புதியது, இணையதளம் புதியது. ஆனால் எந்தப் பெட்டியில் எந்தப் படுக்கை யாருக்கு என்று இறுதியாகக் குறித்து வைத்துக்கொள்ளும் மையக் கணினி அமைப்பு 1980களில் வேரூன்றியது. அதன் இயங்குதளத்தை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் இன்று இல்லை. அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கிய நிறுவனமும் இல்லை. அதையும் விழுங்கிய மூன்றாவது நிறுவனம், இந்த இயங்குதளத்தைப் புதிய சில்லுகளுக்குக் கொண்டுசெல்லப் போவதில்லை என்று 2013ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அது ஓடும் ஐட்டேனியம் சில்லுகளின் கடைசிச் சரக்கை இன்டெல் 2021 ஜூலையில் அனுப்பி முடித்தது.

தற்போதைய முன்பதிவு அமைப்பு 2010இல் நிறுவப்பட்டது என்றும், ஐட்டேனியம் சர்வர்களிலும் ஓபன்விஎம்எஸ் என்னும் இயங்குதளத்திலும் அது இயங்குகிறது என்றும், நிமிடத்துக்குச் சுமார் 25,000 பயணச்சீட்டுகளை அது கையாளுகிறது என்றும் ரயில்வே அமைச்சகம் 2025இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதைப் போல் நான்கு மடங்கு திறனுள்ள புதிய அமைப்பு உருவாகி வருவதாகவும் கூறியது. நாளேடுகள் இதைத் தொழில்நுட்பச் செய்தியாக உள்பக்கத்தில் வெளியிட்டன. நாட்டின் மிகப்பெரிய பொதுத்துறைப் போக்குவரத்தின் நினைவகம் யார் கையில் இருக்கிறது, அது மாற்றப்படும்போது யார் கைக்குப் போகும் என்ற கேள்வி அந்தச் செய்திகளில் இடம்பெறவில்லை.

ஒரு மென்பொருள் ‘கைவிடப்படுவது’ என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதி வைத்தவற்றைப் படிக்க, மை தயாரித்த கம்பெனியின் அனுமதி தேவைப்படவில்லை. கம்பெனி இழுத்து மூடப்பட்டாலும் பேரேடு பேரேடாகவே இருந்தது. கணினியில் சேமிக்கப்படும் தரவின் நிலை வேறு. எந்த மென்பொருள் அதை எழுதியதோ அந்த மென்பொருளின் வடிவத்திலேயே அது வட்டில் கிடக்கிறது. அம்மென்பொருளுக்கு ஓர் இயங்குதளம் வேண்டும், இயங்குதளத்துக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சில்லு வேண்டும், இவை ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அதன் உரிமையாளர் கழற்றிவிட்டால் இயந்திரம் அன்றே நின்றுவிடாது. ஆனால் அன்று முதல் பிழைகளைத் திருத்த ஆளில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். பழுதான பாகத்துக்கு மாற்றுப் பாகம் பழைய சந்தையில் கிடைத்தால் உண்டு. பொது நிறுவனம் தன் சொந்தக் கணக்கேட்டைத் திறக்கவே பிறர் தயவை நாடி நிற்க வேண்டியதாகிறது.

இந்தியாவுக்கு இது புதிய அனுபவம் இல்லை. 1960களிலும் 1970களிலும் நாட்டின் கணினிச் சந்தையைத் தன் பிடியில் வைத்திருந்தது ஐபிஎம். 1959இல் அமெரிக்காவில் அறிமுகமான 1401 ரகக் கணினிகள், அங்கே காலாவதியான பிறகும் புதுப்பிக்கப்பட்டு இங்கே வாடகைக்கு விடப்பட்டன. ரயில்வே மண்டலங்களின் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் அவற்றில்தான் ஓடின. இயந்திரம் வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லை, அதைப் பழுது பார்க்கும் அறிவும் அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. வளர்ந்த நாடுகள் கழித்துக் கட்டியதை இந்தியாவில் வாடகைக்கு விட்டுக் கொள்ளை லாபம் பார்த்த இந்த ஏற்பாடு 1970களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் கடுமையான ஆய்வுக்கு உள்ளானது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்நியப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்குமாறு அரசு வலியுறுத்தியது. ஐபிஎம் மறுத்தது, 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது.

கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று அப்போது பலர் பயமுறுத்தினர். நிற்கவில்லை. காரணம், ஐபிஎம் வெளியேறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1975 டிசம்பரில், கணினிப் பராமரிப்புக் கழகம் என்ற பெயரில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தை அரசு தொடங்கியிருந்தது. பின்னாளில் சிஎம்சி என்று பெயர் பெற்றது இதுவே. நாடு முழுவதும் இருந்த நூற்றுக்கணக்கான ஐபிஎம் கணினிகளின் பராமரிப்பை அது ஏற்றுக்கொண்டது. ஐபிஎம்மில் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர்கள் பலர் அதில் சேர்ந்தனர். உற்பத்தியாளரின் ஆதரவு முற்றிலும் நின்றுபோன இயந்திரங்களையும் அவற்றில் இருந்த தரவையும் அவர்கள் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தனர்.

கணினியை எதிர்த்தவர்கள் இப்போது கணினியைப் பற்றிப் பேசுகிறார்களே என்று இந்த இடத்தில் சிலர் கேலி செய்யக்கூடும். அவர்கள் வரலாற்றைச் சரியாகப் படிக்கவில்லை. 1960களில் கொல்கத்தாவின் இலாகோ ஹவுஸ் கட்டடத்துக்குள் கணினி வந்துவிடாதபடி எல்ஐசி ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தபோது, அவர்கள் எதிர்த்தது வேலையைப் பறிக்கும் நோக்கத்தோடு, அந்நிய ஏகபோகத்தின் வாடகைப் பொறியாக வந்த கணினியை. பயணிகளின் அல்லலைக் குறைத்த ரயில்வே முன்பதிவு அமைப்பு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இயந்திரம் யாருக்காக, யார் கட்டுப்பாட்டில் என்பதே அன்றும் கேள்வியாக இருந்தது, இன்றும் அதுவே கேள்வி.

அந்த முன்பதிவு அமைப்பை உருவாக்கியதும் சிஎம்சிதான். 1985இல் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய அதற்கு இம்ப்ரெஸ் என்று பெயர். அதற்கு முன்பு ஒவ்வொரு ரயிலுக்கும் தனிப் பேரேடு, தனி வரிசை. ஒரு ரயிலில் இடம் இல்லையென்றால் மற்றொரு வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். தரகர்களின் பொற்காலம் அது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் பயணச்சீட்டு என்ற நிலையை ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பொறியாளர்களே கொண்டுவந்தனர். ரயில்வேயின் சொந்தத் தகவல் மையமான கிரிஸ் 1986இல் உருவானது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களின் கணினிகளும் 1999இல் கான்செர்ட் என்னும் மென்பொருளால் இணைக்கப்பட்டன. அதன் பிறகு திருநெல்வேலியில் நின்று கொண்டே ஹவுராவிலிருந்து கிளம்பும் ரயிலுக்கு இடம் பிடிக்க முடிந்தது.

பயன்பாட்டு மென்பொருள் நமக்குச் சொந்தம். அடித்தளம் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். அந்நிறுவனத்தின் வாக்ஸ் கணினியும் விஎம்எஸ் இயங்குதளமும் உறுதியானவை என்று உலகெங்கும் பெயரெடுத்தவை. மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில் கூட நிறுத்தாமல் ஓடக்கூடியவை. தேர்வில் தவறில்லை. ஆனால் சந்தையின் கணக்கு வேறு. 1994இல் அந்நிறுவனம் தன் தரவுத்தள மென்பொருளான ஆர்டிபியை ஆரக்கிளுக்கு விற்றது. 1998இல் அந்நிறுவனத்தையே காம்பாக் வாங்கியது. 2002இல் காம்பாக்கை எச்பி வாங்கியது. வாக்ஸுக்குப் பின் வந்த ஆல்பா சில்லு கைவிடப்பட்டு, எல்லாரும் ஐட்டேனியத்துக்கு மாறும்படி தள்ளப்பட்டனர். 2011இல் ஆரக்கிள் ஐட்டேனியத்துக்கான தரவுத்தள மென்பொருள்களை இனி உருவாக்கப் போவதில்லை என்று ஒருதலைப்பட்சமாக அறிவித்தது. எச்பி வழக்குத் தொடர்ந்தது. 2016இல் நடுவர் குழு எச்பிக்கு 300 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. இரண்டு ஏகபோகங்களின் சண்டையில் ஒன்றுக்கு இழப்பீடு கிடைத்தது. தங்கள் தரவு நடுவில் சிக்கித் தவித்த மருத்துவமனைகளும் வங்கிகளும் அரசுத் துறைகளும் அந்த வழக்கில் கட்சிக்காரர்களே இல்லை.

இதில் இந்தியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2009இல் எச்பி, ஓபன்விஎம்எஸ் உருவாக்கப் பணியை அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது. அங்கே அனுபவம் மிக்க பொறியாளர்கள் வேலையிழந்தனர், இங்கே குறைந்த ஊதியத்தில் அதே வேலை நடந்தது. அதாவது இந்திய ரயில்வே முன்பதிவின் அடித்தளத்தைப் பராமரிக்கும் உழைப்பு இந்திய மண்ணிலேயே செலவிடப்பட்டது. ஆனால் 2013இல் அதைக் கைவிடும் முடிவு எடுக்கப்பட்டபோது அந்த இந்தியப் பொறியாளர்களிடம் யாரும் கேட்கவில்லை, இந்திய ரயில்வேயிடமும் கேட்கவில்லை. உழைப்பு இங்கே, உரிமை அங்கே. மறு ஆண்டே, உலகெங்குமிருந்த பயனாளர்களின் நெருக்குதலுக்குப் பின், அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனம் அதைத் தொடரும் உரிமத்தைப் பெற்றது. சாதாரணச் சில்லுகளில் ஓடும் வடிவத்தை அது 2022இல் வெளியிட்டது. ஆகவே அந்த இயங்குதளம் செத்துவிடவில்லை. ஆனாலும் அதன் ஆயுள் இன்னொரு தனியார் நிறுவனத்தின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது.

இத்தனை கைமாற்றங்களுக்கிடையிலும் முன்பதிவு நிற்கவில்லை என்பதற்கு மென்பொருள் நிறுவனங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. வாக்ஸிலிருந்து ஆல்பாவுக்கு, ஆல்பாவிலிருந்து ஐட்டேனியத்துக்கு என்று ஒவ்வொரு முறையும் பயணிக்குத் தெரியாமலேயே தரவை இடம் மாற்றியவர்கள் கிரிஸ் மையத்தின் ஊழியர்களும் ரயில்வே வணிகத் துறையின் ஊழியர்களும்தான். பழைய அமைப்பின் தரவை வேறிடத்துக்கு மாற்றுவதில் உள்ள உண்மையான சிக்கல், வட்டிலிருந்து வட்டுக்கு நகலெடுப்பதில் இல்லை. அந்தத் தரவின் பொருள் என்ன என்பதில் இருக்கிறது. பொது ஒதுக்கீடு, தட்கல், பெண்கள் ஒதுக்கீடு, பாதுகாப்புப் படையினர் ஒதுக்கீடு, அவசர ஒதுக்கீடு, வழியோர நிலையங்களின் ஒதுக்கீடு, பல நிலையங்களுக்குப் பொதுவான ஒதுக்கீடு, அதற்கும் மேலே ஆர்ஏசி, அதற்கும் கீழே காத்திருப்போர் பட்டியலின் பல வகைகள். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு சுற்றறிக்கையால், ஏதோ ஒரு வட்டாரத்தின் கோரிக்கையால் பிறந்தவை. ஒரு ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்தால் எந்தப் பெட்டியின் மீதி இடம் எந்தப் பட்டியலுக்குப் போகும் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. அது நிரலின் ஒரு மூலையில் இருக்கிறது. அதை எழுதியவர், அல்லது அவர் அருகில் உட்கார்ந்து கற்றவர் மனதில் இருக்கிறது. இந்த அறிவைக் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்க முடியாது. பல பத்தாண்டுகள் ஒரே வேலையில் நிலைத்திருந்த நிரந்தர ஊழியர்களிடம் படிந்த அறிவு அது.

இந்த அறிவை மதிக்காமல் அவசரப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் பழைய அமைப்பிலிருந்து தன் புதிய உரிமையாளரின் அமைப்புக்கு ஒரே வார இறுதியில் அனைத்து வாடிக்கையாளர்களின் கணக்குகளையும் மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் சொந்தப் பணத்தைத் தொட முடியாமல் தவித்தனர். சிலருக்குப் பிறருடைய கணக்குகள் திரையில் தெரிந்தன. கட்டுப்பாட்டு அமைப்புகள் 2022இல் அவ்வங்கிக்கு 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. இந்தியாவில் 4,242 கோடி ரூபாய்த் திட்டமாக இன்ஃபோசிஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட வருமான வரி இணையதளம் 2021 ஜூன் மாதம் திறக்கப்பட்ட நாளிலிருந்தே தடுமாறியது. நிதியமைச்சர் அந்நிறுவனத் தலைமையை நேரில் அழைத்து விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. கணக்குத் தாக்கல் செய்யும் கெடு தள்ளிப்போனது.

ஆளை வெட்டிவிட்டுப் பழையதிலேயே தங்கிவிட்டாலும் ஆபத்துதான். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் வேலையிழந்த லட்சக்கணக்கானோர் நிவாரணம் கோரி விண்ணப்பித்தபோது அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தின் நாற்பதாண்டுப் பழமையான மெயின்பிரேம் கணினிகள் திணறின. கோபால் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் உதவிக்கு வருமாறு ஆளுநர் செய்தியாளர் சந்திப்பில் வேண்டுகோள் விடுத்தார். உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனங்களின் தாயகத்தில், உதவித்தொகைக்குக் காத்திருந்த தொழிலாளியின் வயிறு ஓய்வுபெற்ற நிரலாளர்களின் நல்லெண்ணத்தை நம்பி இருந்தது. கோபால் மொழி பழையது என்று அப்போது எல்லா ஊடகங்களும் எழுதின. அந்த மொழியைப் பராமரிக்கும் பணியிடங்கள் ஏன் நிரப்பப்படவில்லை என்று கேட்டவர்கள் குறைவு.

இந்திய ஆட்சியாளர்கள் செய்தது இன்னும் மோசமானது. ஐபிஎம் கைவிட்ட நாட்டின் கணினிகளைக் காப்பாற்றிய, ரயில்வே முன்பதிவை உருவாக்கித் தந்த சிஎம்சியின் 51 சதவீதப் பங்குகளை 2001இல் வாஜ்பாய் அரசு டாடா சன்ஸ் நிறுவனத்துக்குச் சுமார் 152 கோடி ரூபாய்க்கு விற்றது. மீதிப் பங்குகளும் 2004இல் சந்தைக்குப் போயின. 2015இல் சிஎம்சி டிசிஎஸ் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, அதன் பெயரும் மறைந்தது. நட்டத்தில் மூழ்கிய நிறுவனம் என்ற வழக்கமான சாக்கும் அங்கே இல்லை. லாபம் ஈட்டிக்கொண்டிருந்த, நாட்டின் தேவைக்கு அன்றாடம் பயன்பட்ட திறன் அது. இன்று ஒரு பொதுத்துறை வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ மாநில அரசின் கருவூலமோ தன் பழைய மெயின்பிரேம் தரவை என்ன செய்வது என்று திகைத்து நின்றால், 1978இல் இருந்ததுபோல் அதற்குக் கைகொடுக்க ஒரு பொதுத்துறைப் பராமரிப்பு நிறுவனம் இல்லை. தனியார் நிறுவனத்தின் விலைப்பட்டியல் மட்டுமே இருக்கிறது.

ரயில்வேயிடம் கிரிஸ் இன்னும் இருக்கிறது. அதுவே இப்போதைய மாற்றத்தின் நம்பிக்கைக்குரிய அம்சம். புதிய அமைப்பு ‘கிளவுட்’ தொழில்நுட்பத்துக்கு ஏற்றதாக இருக்கும் என்று அமைச்சகம் கூறுகிறது. அந்தச் சொல்லுக்குள் பல ஏற்பாடுகள் அடங்கும். கிரிஸ் தன் சொந்தத் தரவு மையத்தில் இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தலாம். அமேசானிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இடம் வாடகைக்கும் எடுக்கலாம். இரண்டாவது வழியில் போனால் 1401 காலத்து வாடகை முறை புதிய உடையில் திரும்பி வருகிறது என்று பொருள். இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி, பயணிகளின் தரவைப் பணமாக்கும் வழிகளைச் சொல்ல ஆலோசனை நிறுவனத்தைத் தேடி ஒப்பந்தப்புள்ளி கோரியது. 1,000 கோடி ரூபாய் வரை திரட்டலாம் என்பது கணக்கு. எதிர்ப்பு எழுந்து, நாடாளுமன்ற நிலைக்குழு விளக்கம் கேட்ட பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. யார் எங்கே எப்போது யாருடன் போகிறார் என்ற விவரத்தை விற்பனைச் சரக்காகப் பார்த்தவர்கள் அதே நாற்காலிகளில்தான் இருக்கிறார்கள். இடையில் 2025 ஜூலை முதல் இணையவழித் தட்கல் பயணச்சீட்டு ஆதாருடன் இணைக்கப்பட்டுவிட்டது. சந்தையின் பார்வையில் அந்தத் தரவின் மதிப்பு இப்போது இன்னும் கூடியிருக்கும்.

எனவே தொழிற்சங்க இயக்கமும் நாடாளுமன்றத்தில் உள்ள இடதுசாரி உறுப்பினர்களும் இந்த மாற்றத்தை வல்லுநர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. புதிய அமைப்பின் மூல நிரல் முழுவதும் ரயில்வேயின் உடைமையாக இருக்க வேண்டும். தரவு சேமிக்கப்படும் வடிவம் எந்த ஒரு நிறுவனத்தின் உரிமத்துக்கும் கட்டுப்படாததாக, வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும். உரிமக் கட்டுப்பாடற்ற தரவுத்தள மென்பொருள்கள் இன்று பெரிய அளவில் பயன்பாட்டில் இருப்பதால் இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை இல்லை. கேரளத்தில் இடதுசாரி அரசுகள் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, அந்த மாற்றத்தை ஆசிரியர்களைக் கொண்டே நடத்திக் காட்டின. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது பயணிகளுக்கு இடைஞ்சல் என்றாலும், தரவு மாற்றத்தைப் பொறுத்தவரை ஒரு வசதியைத் தருகிறது. பழைய அமைப்பையும் புதியதையும் அருகருகே ஓடவிட்டு, இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டு, ரயில் ரயிலாக மாற்ற முடியும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு ஒரே இரவில் மாற்றும் வழியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

பழைய அமைப்பை அறிந்தவர்கள் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். 1980களின் இறுதியில் வேலைக்குச் சேர்ந்தோர் பெரும்பாலும் வெளியேறிவிட்டனர், அல்லது வெளியேறிக்கொண்டிருக்கின்றனர். அவர்களோடு இளம் பொறியாளர்கள் சேர்ந்து வேலை செய்யும் காலம் சில ஆண்டுகளாவது இருக்க வேண்டும். அந்த இளைஞர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருந்தால், கற்றுக்கொண்ட அறிவோடு அடுத்த ஆண்டே வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். நிரந்தரப் பணியிடம் என்ற கோரிக்கை இங்கே ஊழியர் நலக் கோரிக்கையாக இருப்பதோடு பயணிகளின் பாதுகாப்புக் கோரிக்கையாகவும் இருக்கிறது.

ஐபிஎம் வெளியேறியபோது அரசு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்தது. ஓபன்விஎம்எஸ் பற்றிய எச்சரிக்கை 2013இல் வந்தது, ஐட்டேனியம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2019இல் வந்தது, மாற்று அமைப்பின் பணி 2025இல்தான் நடந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் கிரிஸ் மையத்தில் எத்தனை பேர் ஓய்வு பெற்றனர், எத்தனை நிரந்தர இடங்கள் நிரப்பப்பட்டன, எத்தனை ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போயின, பழைய அமைப்பின் உரிமத்துக்கும் பராமரிப்புக்கும் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற கணக்கு முழுவதையும் ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டுப் பெற்று, புதிய அமைப்பு செயல்பாட்டுக்கு வருவதற்கு முன்பே மக்கள் முன் வைக்க வேண்டும்.